வாயு மூலைக்கு இழுத்த கண்ணிகள்

வாளையூரில் பிறந்த எந்தக் குழந்தையையும் தூக்கத்திலிருந்து எழுப்பி வடமேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் காட்டிவிட்டு மறுபடியும் தூங்கிப்போகும். கிழக்கு எது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்கும். இது பள்ளிக்கூடத்தில் வந்த படிப்பு இல்லை. கம்பித் தெருவிலிருந்து வந்தது, அதுவும் ஒரு தப்பினால் வந்தது, அந்தத் தப்பைச் செய்தவளோ கம்பி விஷயத்தில் தப்பே செய்யத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிய ஆவுடையம்மாள்.

கம்பித் தெருவில் முப்பது வீடு, முப்பதிலும் பித்தளைக் கம்பியை வளைத்துத்தான் அடுப்பு எரிந்தது. எலிப்பொறிக்கு ஸ்பிரிங், பூக்கூடைக்குக் காது, விளக்குக்குச் சங்கிலி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் ஜாக்கெட்டுக்கு வைக்கிற கொக்கி. ஆவுடைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவள் வலது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது, எழுந்து நின்றால் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் அந்தக் காலை எடுத்து வைக்க வேண்டும், வாசலிலிருந்து கொல்லைக்குப் போய்வருவதே அவளுக்கு ஒரு பிரயாணம். தெருமுனைக்கு அப்பால் அவள் பார்த்த ஊரெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியின் சந்து வழியாகப் பார்த்தது. ஆனால் கம்பி வளைக்கிற குறட்டைக் கையில் எடுத்தால் அவளுக்கு எதிரே ஆள் கிடையாது. பட்டறையை நடத்தியது தம்பி தளவாய், சரக்கைப் பிரித்துப் பொட்டலம் கட்டியது தம்பி பெண்டாட்டி கோமு, என்றாலும் கம்பி இப்படித்தான் வளையும் என்று ஆவுடை சொல்லிவிட்டால் அப்புறம் கம்பிக்கே வேறு அபிப்பிராயம் இருக்க முடியாது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஜெர்மனி தேசத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து காத்தரீனா என்ற தையல்காரி தளவாயின் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் ஊரில் பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஒரு திருவிழா நடக்குமாம், அன்றைக்கு ஊர்ச்சனம் மொத்தமும் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பாட்டன் பூட்டிகள் உடுத்திய மாதிரி கம்பளியும் லினனும் உடுத்திக்கொண்டு ஊர்வலம் போகுமாம், அந்த உடுப்பை மார்பில் பூட்டுவதற்குக் கையால் வளைத்த பித்தளைக் கொக்கி நாலாயிரம் வேண்டும் என்றாள். மெஷினில் அடித்தது உதவாது, ஒவ்வொன்றிலும் குறடு கடித்த தடம் தெரிய வேண்டும், மூக்கை மட்டும் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்க வேண்டும். பழைய பாலத்தடியில் சேற்றுக்குள் கிடைத்த அந்தக் காலத்துக் கொக்கி ஒன்றைப் பார்த்து அவளே கையால் படம் வரைந்திருந்தாள். ஒரு துண்டுக் கம்பி, அதன் ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் ஒரு வளையம், நடுவில் வெட்டுக்கோடு.

ஆவுடை அந்தப் படத்தைத் தளவாயின் போனில் விரித்து விரித்துப் பார்த்தாள்.

"இந்த வளையம் எதுக்குக்கா?" என்று கேட்டான் தளவாய்.

"இது தெரியலையால? கைப்பிடி. கொக்கி பொடிசுல்லா, பிடிமானம் இல்லாம எப்படி வளைக்கது? நாம மறுமுனையச் சுருட்டிக்கிடுதோம்லா, அந்தக் காலத்துல வளைச்சவனும் அதத்தான் செஞ்சிருக்கான். வளைச்சு முடிச்சதும் வெட்டித் தூரப் போட்டுரணும்."

தெருவில் யாரும் மறுத்துப் பேசவில்லை, பேசக் காரணமும் இல்லை. நம் ஊர் ஜாக்கெட்டில் கொக்கி மட்டும்தான் பித்தளை, அது மாட்டுகிற கண்ணியைத் தையல்காரர் நூலிலேயே முறுக்கிப் போட்டுவிடுவார். கண்ணியையும் பித்தளையில் செய்து கூடவே கொடுக்கிற பழக்கம் கம்பித் தெருவின் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. எனவே முப்பது வீட்டுப் பெண்களும் இரண்டு மாதம் உட்கார்ந்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, ஒரு முனையில் கொக்கியும் மறுமுனையில் ஆவுடை படம் பார்த்துச் சொன்ன அதே அளவில் அதே அழகில் கைப்பிடியும் வளைத்து, நடுவில் வெட்டி, கொக்கிகளை மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்பினார்கள். கைப்பிடி என்று வெட்டிய நாலாயிரம் கண்ணிகளும் உருக்கப் போடுகிற சாக்கில் விழுந்தன.

கப்பல் கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலில் ஏறிய வாரத்தில் சாக்கு நகர்ந்தது. காலையில் கோமு பட்டறையைக் கூட்ட வந்தபோது உரல் பக்கத்தில் இருந்த சாக்கு மேற்குச் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அதைத் திரும்ப உரல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அது அவள் கண்முன்னாலேயே தரையில் சரசரவென்று ஊர்ந்து மேற்குச் சுவருக்குப் போனது. "மைனி, சாக்கு போவுது" என்றாள் கோமு. "எங்க போவுது?" என்றாள் ஆவுடை, குறட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேக்க." "சரி, போனா போவட்டும், சுவரு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

தூரம் கூடக் கூட இழுப்பும் கூடியது. முதலில் நேர் மேற்காக இழுத்தது, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே திரும்பியது, கப்பல் இப்போது செங்கடலில் போகிறது, இப்போது சூயஸ் கால்வாயில் நுழைந்துவிட்டது என்று சாக்கைப் பார்த்தே தெரு சொல்ல ஆரம்பித்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வடமேற்கில் போய் நிலைகுத்தி நின்றது. வாஸ்து பார்க்கிறவர் வந்து பார்த்து, அது வாயு மூலை, வாயுவுக்கு இழுக்கத்தானே தெரியும், இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார். தெருச் சங்கத்துத் தலைவர் பரமகுரு அண்ணாச்சிக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது, அவருக்குப் போதுமானால் தெருவுக்கும் போதும்.

அப்புறம் ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள். பள்ளிக்கூடம் ஊருக்கு வடமேற்கில் இருந்ததால் பிள்ளைகளின் புத்தகப் பைக்கு அடியில் ஆறாறு கண்ணி தைத்துக் கொடுத்தார்கள், பைகள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணியடிக்கும் முன்பே பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தபால்காரர் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு சரம் கட்டிக்கொண்டு பெடலில் காலை வைக்காமலே குளக்கரை வரை போனார். கொடியில் காய்ந்த துணியெல்லாம் காற்றே இல்லாத மத்தியானத்திலும் ஒரே பக்கமாகப் பறந்து நின்றன. வருஷா வருஷம் மேலரத வீதி முக்கில் சக்கரம் பதிந்து நின்று மானத்தை வாங்குகிற தேர், வடத்தில் கண்ணிச் சரம் சுற்றிய அந்த வருஷம் பாய்ந்த பாய்ச்சலில் வடம் பிடித்தவர்கள் அதை இழுப்பதை விட்டுவிட்டுப் பிடித்து நிறுத்துவதிலேயே வேர்த்துப் போனார்கள், அம்மனுக்கு இப்படி ஓர் அவசரத்தை யாரும் கண்டதில்லை.

சங்கடம் ஒன்றுதான், போவது சுகம், வருவது பாடு. அதற்கும் ஊர் ஒரு வழி செய்தது. வடமேற்கு எல்லையில் குளக்கரை மேல் ஒரு கல்தூணை நட்டார்கள், போனவர்கள் அங்கே கண்ணிச் சரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு வெறுங்கையாகத் திரும்ப வேண்டும், சாயங்காலம் பரமகுரு அண்ணாச்சியின் மாட்டுவண்டி போய்ச் சரங்களை அள்ளிவரும். பத்துப் படி அரிசியின் எடைகூட இல்லாத சுமையை இழுக்க இரண்டு காளைகளும் மலையை இழுப்பதுபோல் மூச்சு வாங்கும். அதற்குக் கண்ணி வண்டி என்று பெயர் வந்தது.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது ஆவுடை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிடி என்று தான் சொன்னது கைப்பிடிதானா என்ற சந்தேகம் அவள் மனசில் முளைத்துவிட்டது, அந்தச் சந்தேகம் வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோமுதான் ஒருநாள் பழைய பாவாடைத் துணியில் இரண்டு பட்டி கிழித்து, இடுப்புப் பட்டியில் பதினைந்து கண்ணியும் முழங்கால் பட்டியில் ஆறு கண்ணியும் தைத்து எடுத்துவந்தாள்.

"மைனி, சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான். கட்டிப் பாருங்க."

"வேடிக்கை பாக்க ஒனக்கு என் காலுதான் கெடைச்சுதாட்டி?"

"கட்டுங்க மைனி. விழுந்தா நான் பிடிச்சுக்கிடுதேன்."

கட்டினாள். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் யாரோ இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, வா என்று சொல்வதுபோல் இருந்தது. கையைப் படியிலிருந்து எடுத்தாள், இடது காலை ஊன்றினாள், பழக்கதோஷத்தில் வலது முழங்காலைப் பிடிக்கக் கை கீழே போனது. பிடிக்கத் தேவையே இல்லாமல் அந்தக் கால் தானாக முன்னால் போய்த் தரையில் பதிந்தது. ஆவுடை அதைப் பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பது மாதிரித்தான் பார்த்தாள். அடுத்த அடி. அதற்கடுத்த அடி. தெருமுனை வந்தது, தெருமுனை போனது, கோமு பின்னாலேயே ஓடிவந்து "மைனி, நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினாள், நிற்பது எப்படி என்று ஆவுடைக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ரேஷன் கடை, ரைஸ் மில், பீடிக் கம்பெனி, பெயர் மட்டுமே கேட்டிருந்த எல்லாவற்றையும் நேரில் பார்த்துக்கொண்டே போனாள். குளக்கரை ஏற்றத்தில் ஏறி, கல்தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நின்று, காற்றில் சிலிர்க்கிற அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓவென்று அழுதாள். "இம்புட்டுப் பெரிசாட்டி இருக்கு? நீங்க ஒருத்தரும் சொல்லவே இல்லியே" என்று கோமுவைத் திட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் போனாள். ஆனால் திரும்பி வரும்போது பட்டியைக் கழற்றிவிட்டு, சரங்களின் மேல் உட்கார்ந்து, சுமையோடு சுமையாகக் கண்ணி வண்டியில்தான் வர வேண்டியிருந்தது. தெருவுக்குள் வண்டி நுழையும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். எல்லோரையும் போலத் தன் வீட்டுக்குத் தானே நடந்து வந்து வாசல் நிலையைத் தொட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் அவளுக்கு வந்தது. நடக்கவே முடியாதபோது அந்த ஆசைக்கு இடம் இருந்ததில்லை, இப்போது அது ராத்திரிச் சோற்றில்கூடக் கல் மாதிரி கடிபட்டது.

இப்படி ஏழெட்டு வாரம் போனபின் காத்தரீனா போனில் வந்தாள். பெரிய உடம்பு, சிவந்த முகம், கழுத்தில் அளவு நாடா. அவள் தன் பாஷையில் பேசப் பேச, போன் அதைத் தமிழாக்கிச் சொன்னது. அது பேசியது மேடைப் பேச்சுக்காரர் தமிழ்.

"மதிப்பிற்குரிய ஆவுடையம்மாள் அவர்களே, கொக்கிகள் மிக அழகாக வந்து சேர்ந்தன. அவற்றின் கண்ணிகள் இரண்டாவது பெட்டியில் வருமென்று நம்பிக் கொக்கிகளை உடுப்புகளில் தைத்துவிட்டோம். இரண்டாவது பெட்டி எங்கே?"

ஆவுடை குறட்டைக் கீழே வைத்தாள். தளவாய் அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"இன்னொரு செய்தியும் உண்டு" என்றது போன். "அந்த உடுப்புகளை அணிகிறவர்கள் அனைவரும் தென்கிழக்கு நோக்கிச் செல்கிறார்கள். நேற்று ஒத்திகையில் முரசு அடிப்பவர்கள் ஒன்பது பேர் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். ஆறு தென்கிழக்கில் இருக்கிறது. அவர்களுக்குச் சளி பிடித்திருக்கிறது. ஐந்து வாரத்தில் திருவிழா. இந்த உடுப்புகளுக்காக இரண்டு வருடம் நாங்கள் ஊரோடு உட்கார்ந்து தைத்திருக்கிறோம். கண்ணிகள் உங்களிடம் உள்ளனவா?"

"விசாரிச்சுச் சொல்லுதோம்" என்று சொல்லித் தளவாய் போனை வைத்துவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே பரமகுரு அண்ணாச்சியின் வண்டிக் கொட்டகையில் தெருச் சங்கம் கூடியது. கொட்டகைக்கும் ஆவுடை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரில் பாதிக்குமேல் கீற்று. பிள்ளைகளின் பையைப் பற்றியோ தேரைப் பற்றியோ யாரும் பேசவில்லை, எல்லார் நினைப்பும் ஒன்றுதான். "நாப்பது வருசம் உக்காந்தே கெடந்த பிள்ள இப்பத்தான் எந்திரிச்சிருக்கா. அதத் திரும்ப உக்கார வைக்க எனக்கு மனசில்ல" என்றார் அண்ணாச்சி. "கப்பல்ல காணாமப் போச்சுன்னு சொல்லிருவோம். கடலுக்குள்ள எறங்கியா தேடப் போறாவ? பொய்யோட பாவத்த நான் ஏத்துக்கிடுதேன்." முப்பது வீடும் ஒரு மனதாகத் தலையாட்டியது. வாளையூரில் முப்பது வீடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கீற்றுக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ஆவுடை. "எனக்காவ இம்புட்டு யோசிச்சதுக்கு ஒங்க எல்லாரையும் கும்பிடுதேன். ஆனா கைப்பிடின்னு சொன்னது இந்த வாய். வெட்டித் தூரப் போடுன்னு சொன்னதும் இந்த வாய்தான். அவ என் கையை நம்பி நாலாயிரம் கேட்டா, நான் பாதி வேலையச் செஞ்சு அனுப்பிருக்கேன். கண்ணி இல்லாத கொக்கிய நெஞ்சுல வச்சுக்கிட்டு அங்கன ஒரு ஊரே ஆத்துக்குள்ள எறங்குது. அத வச்சு நான் இங்கன குளத்துக்கு வேடிக்கை பாக்கப் போறனா? எனக்கு நடக்கணும் அண்ணாச்சி. ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா பாதி வேலையக் கட்டிக்கிட்டு என்னால நடக்க முடியாது."

சுவருக்கு மேலாக ஏதோ வந்து வண்டிச் சக்கரத்தின் மேல் விழுந்தது. அவளுடைய இடுப்புப் பட்டியும் முழங்கால் பட்டியும். விழுந்த இடத்திலிருந்து அவை வடமேற்குப் பக்கமாக ஊர்ந்து போக, அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து எடுத்தார்.

மறுநாள் ஊர் பூராவும் தையல் பிரித்தது. பிள்ளைகள் பையைப் பல்லால் கடித்துப் பிரித்தார்கள், தபால்காரர் ஹேண்டிலை அவிழ்த்தார், கோயிலிலிருந்து குருக்களே சரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிப் பார்த்தபோது மூன்று குறைந்தது. வேப்பமரத்தில் ஒரு காக்கைக் கூடு மட்டும் வாயு மூலையை நோக்கிச் சரிந்து தொங்குவதைக் கோமு பார்த்துவிட்டாள், மூன்றும் அதில் இருந்தன. விமானத்தில் அனுப்புவதற்காக மதுரைக்குக் கொண்டுபோன வேன், ஏற்றத்தில்கூட ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே போனதாக டிரைவர் வந்து சொன்னார். கொடியில் துணிகள் நேராகத் தொங்கின. ஆவுடை மனைப்பலகையில் உட்கார்ந்து, ஜாக்கெட் கொக்கி வளைத்தாள். யாரிடமும் கோபப்படவில்லை, அதுதான் கோமுவுக்குப் பொறுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் காத்தரீனா ஊர்வலத்தையே போனில் காட்டினாள். பச்சையும் காவியும் கருஞ்சிவப்புமாகக் கம்பளி உடுப்பில் ஒரு தெரு நிறையச் சனம். ஆற்றில் இறங்கிய முரசுக்காரர்கள் வரிசையில் முதலாவதாக நின்றார்கள். யாரோ குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்து மார்பில் கொக்கியைக் கண்ணியில் மாட்டினார்கள், நாலாயிரம் பித்தளையும் ஒன்றோடொன்று சேர்ந்த அந்தச் சின்னச் சத்தம் போன் வழியாக வாளையூர்ப் பட்டறைக்குள் கேட்டது. கண்ணி வரும்வரை தென்கிழக்கே சாய்ந்து நின்ற ஊர் நிமிர்ந்து நின்றது. கம்பித் தெருப் பெண்கள், "அது நான் வளைச்சது, அந்தக் கோணமூக்கு நான் வளைச்சது" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அம்மையார் அவர்களே" என்றாள் காத்தரீனா, அழுது சிவந்த கண்ணோடு. "எங்கள் ஊர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?"

ஆவுடை தன் வாழ்நாளில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துக்கொடு என்று யாரிடமும் கேட்காதவள். கொஞ்ச நேரம் குறட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

"நான் இருபத்தொண்ணு கொக்கி அனுப்புதேன். ஒன் கடை உத்தரத்துல ஆணியடிச்சு மாட்டி வைக்கியா? கண்ணிய நான் இங்கன வச்சுக்கிடுவேன். அவ்வளவுதான்."

போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது, காத்தரீனா உடனே எழுந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். "மாட்டுகிறேன். உறுதியான உத்தரம்" என்றாள்.

அத்தோடு ஆவுடை நிற்கவில்லை. கோமுவின் தம்பி சங்கரபாண்டி மலேசியாவில் ஜோகூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தான். "அது எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டு, தென்கிழக்கு என்று தளவாய் சொன்னதும், அவனுக்கும் இருபத்தொரு கொக்கி அனுப்பச் சொன்னாள். கோமுவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டாள்.

முன்பு பிரிந்தது தெரியாமல் பிரிந்தது, இப்போது தெரிந்தே பிரிக்கிறோம், இழுக்குமா இழுக்காதா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டானது. ஆவுடை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. நாற்பத்திரண்டு ஜோடியையும் தானே காய்ச்சி, தானே வளைத்து, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டும்போது, "போயிட்டு ஞாபகமா இரு" என்று கொக்கியிடம் சொன்னாள். விமானத்தில் போகிற சரக்குக்கு நாள் அதிகம் ஆகாது. பத்தாம் நாள் வடமேற்குப் பட்டி இழுத்தது. பதினாலாம் நாள் தென்கிழக்குப் பட்டி இழுத்தது. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டினால் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றதால் தளவாய் தனித்தனி ஆணி அடித்தான்.

மறுநாள் மூன்று மணி வெயிலில் ஆவுடை வடமேற்குப் பட்டியைக் கட்டிக்கொண்டு, தென்கிழக்குப் பட்டியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் கூட வரக் கூடாது, வண்டியும் வரக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டாள். ஆகவே கம்பித் தெரு மொத்தமும் தெருமுனைக்கு வந்து, குளக்கரைப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான்கு மணி ஆனது, ஐந்து ஆனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆறு ஆனது, பாதையில் இரண்டு ஆடு வந்தது, பால்காரர் வந்தார், ஆவுடை வரவில்லை. "குளத்தங்கரைல நான் யாரையும் பாக்கலியே" என்று பால்காரர் சொன்னதும் கோமு பாதையில் நாலு எட்டு ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். ஜோகூர் கடல் தாண்டி அல்லவா கிடக்கிறது, இழுப்பு அவளை வீட்டில் விடாமல் அப்படியே கடல்வரை கொண்டுபோய்விட்டால்? நிற்கத் தெரியாதே அவளுக்கு. அண்ணாச்சி வண்டியைப் பூட்டச் சொன்னார். தளவாய் வாய்விட்டு அழுதேவிட்டான்.

"அங்கன என்னத்தல பாத்துக்கிட்டு நிக்கிய எல்லாரும்?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தெரு திரும்பிப் பார்த்தது. தெருவின் மறுகோடியில், ரைஸ் மில்லுக்குப் பின்பக்கத்துச் சந்திலிருந்து ஆவுடை வெளியே வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை வாய்க்கால் சேறு, சேலையெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது, கையில் எங்கேயோ ஒடித்த ஒரு செம்பருத்திக் குச்சி. அந்தச் சந்திலிருந்து வீடு தெற்கே இருந்ததால் இழுப்பு அங்கே உதவவில்லை, கடைசி இருபது அடியை அவள் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் முழங்காலையும் பிடித்து, பழைய மாதிரியே ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தாள். ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ள எல்லாருக்கும் கை துடித்தது. பரமகுரு அண்ணாச்சி கையை விரித்து எல்லாரையும் தடுத்து நிறுத்தினார்.

"ஜோகூரு சரியா தென்கிழக்க இல்லல தளவாய். கொஞ்சம் கெழக்க சாஞ்சு கெடக்கு. போன பாதைல வரவிட மாட்டேங்குது. வாய்க்கால் தாண்டி, தென்னந்தோப்பு சுத்தி, மில்லுக்குப் பொறத்தால வந்தேன். அங்கன ஒரு கெணறு இருக்கு தெரியுமா? படியெல்லாம் இருக்கு."

ஆவுடை தன் வீட்டு நிலைக்கு வந்து, சேற்றுக் கையால் அதைத் தொட்டு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள். கோமு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

"சோறு ஆறிப்போச்சு மைனி" என்றாள் உள்ளிருந்து.

"ஆறினா என்னட்டி, போடு. நடந்து வந்திருக்கேன், பசிக்கி."